நேர்ந்துவிட்ட கிளி

கிளியின் மார்பில் ஐம்பது சதக் காசு அளவுக்குத் தோல் தெரிந்தது. அதை முதலில் கண்டவள் அம்மா. நுவரெலியா ஆஸ்பத்திரியில் அப்பாவை விட்டுவிட்டு மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், கையிலிருந்த பையைக் கீழே வைக்காமலே கூண்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது எப்ப இருந்துடா?"

நான் கவனித்திருக்கவில்லை. அப்போது அட்டனில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலையில் இருந்தேன். காலை பஸ்ஸில் போனால் பொழுது சாயும்போதுதான் திரும்புவேன். போகும்போது கிண்ணத்தில் தீனியும் தண்ணீரும் வைப்பேன். கூண்டின் அடியில் பச்சைத் தூவிகள் கிடந்ததைப் பார்த்திருந்தேன்.

"சிறகு உதிர்க்குதும்மா. எல்லாப் பறவையுந்தான் உதிர்க்கும்."

"உதிர்ந்ததா, புடுங்கினதா? நல்லாப் பாரு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளி தலையைக் குனிந்தது. வெறுந்தோலின் ஓரத்தில் இருந்த ஒரு தூவியை அலகால் பற்றி இழுத்தது. வாயில் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அடுத்ததைத் தேடியது.

அம்மா பையைக் கீழே வைத்தாள்.

"நேத்துத்தான்டா இதை அந்தோனியாருக்கு நேர்ந்துக்கிட்டேன்" என்றாள்.

எங்கள் தோட்டம் கொட்டகலைக்குப் பக்கத்தில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அப்பா அங்கே தூளைப் பெட்டிகளில் அடைத்து ஆணியடித்து அனுப்பும் பகுதிக்கு மேற்பார்வையாளர். சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடங்கள் ஆகியிருந்த அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பெரிய டாக்டர் பிழைப்பார் என்றும் சொல்லவில்லை, பிழைக்கமாட்டார் என்றும் சொல்லவில்லை. கட்டிலருகில் உட்கார்ந்திருந்த அம்மா, இவர் எழுந்து வீட்டுக்கு நடந்து வந்தால் ஆனி மாதம் தோட்டத்து அந்தோனியார் கோயில் திருநாளுக்குக் கிளியைக் காணிக்கையாகக் கொடுப்பதாகப் பொருத்தனை செய்தாள்.

தோட்டத்துக் கத்தோலிக்கர்கள் சேவலை நேர்வார்கள், ஆட்டை நேர்வார்கள், முதல் காய்ப்புப் பூசணியை நேர்வார்கள். கிளியை யாரும் நேர்ந்ததில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அதைவிடப் பிரியமான பொருள் வேறு இருக்கவில்லை. பூண்டுலோயாவில் ஒரு நண்பர் கொடுத்தது; தோளில் சிவப்புத் திட்டு உள்ள பெரிய சாதி. புருஷன் உயிருக்குச் சேவலா கொடுப்பது என்பது அம்மாவின் வாதம்.

காணிக்கைக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. கொடுப்பது குறையில்லாததாக இருக்கவேண்டும். முன்பு ஒருவர் ஒரு கண் பார்வையில்லாத ஆட்டைத் திருநாளுக்கு ஓட்டி வந்தார். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் அவரை ஒத்தக்கண்ணு ஆட்டுக்காரர் என்றுதான் சொன்னார்கள். பெயர் போவது ஒரு பக்கம். அம்மாவுக்குப் பயம் வேறு. குறையுள்ளதைக் கொடுத்தால், பதிலுக்குத் தனக்குக் கொடுக்கப்பட்டதும் குறைபட்டுவிடும் என்று அவள் நினைத்தாள். அவளுக்குக் கொடுக்கப்பட்டது அப்பாவின் மூச்சு.

அப்பா பிழைத்தார். லொறியில் ஸ்டோர் வாசலில் வந்து இறங்கி, அங்கிருந்து குவாட்டர்ஸுக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் வந்தார். நடந்து வரவேண்டும் என்பது பொருத்தனை. அதனால் அம்மா லொறியை வீட்டுவாசல்வரை விடவில்லை. அதற்குள் கிளியின் வெறுந்தோல் மார்பிலிருந்து தொடைவரை இறங்கியிருந்தது. அம்மா விஷயத்தைச் சொன்னாள். அப்பா கூண்டை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தக் கோலத்துல குடுத்தா அந்தோனியார் என்னத் திருப்பி ஆஸ்பத்திரிக்கே அனுப்பிருவாரு புள்ள."

அம்மா சிரிக்கவில்லை.

அந்த வாரமே உபதேசியார் வந்தார். பூசை வைக்கும் சாமியார் அட்டனிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். மற்றபடி ஜெபம் சொல்வதும், மணி அடிப்பதும், காணிக்கைகளைப் பார்த்து ஏற்பதும், திருநாளன்று அவற்றை ஏலம் விடுவதும் உபதேசியார்தான். நோயாளியை விசாரிக்க வந்தவரின் கண் கூண்டில் நின்றது.

"இதையா நேர்ந்திருக்கீங்க? ஏம்மா, உரிச்ச கோழி மாதிரியில்ல இருக்கு. ஏலத்துல தூக்கிப் பிடிச்சா மசாலா எங்கேன்னு கேப்பானுங்க."

"திருநாளைக்குள்ள சரியாயிரும் உபதேசியாரே" என்றாள் அம்மா.

"ஆகலேன்னா ஒரு ஆட்டைக் குடுத்திருங்க. நான் சாமிக்கிட்ட சொல்லிக்கிறேன்."

"வாயால சொன்னத மாத்த முடியாதுங்க."

உபதேசியார் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார். அம்மா கிளியின் மார்பைப் பார்த்தாள். பிறகு போய் அப்பாவின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து இரண்டையும் இந்த வரிசையில்தான் செய்தாள்.

அப்பாவுக்கு வேலைக்குப் போகக் கூடாது, ஈரத்தில் நிற்கக் கூடாது, படியேறக் கூடாது என்று உத்தரவு. ஜன்னலோரம் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து கிளியைப் பார்த்தார். ஸ்டோரில் ஒரு பெட்டி ஏன் சரியாக மூடவில்லை என்று பார்ப்பது போலப் பார்த்தார். சில நாட்கள் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"நீ வைக்கிற தீனியை இது காலையிலயே தின்னு முடிச்சிருது. அதுக்கப்புறம் பொழுதுக்கும் இதுக்கு ஒரு வேலையும் இல்ல. காட்டுல இருந்தா நாள் முழுக்கத் தீனி தேடி அலையும், கிழிக்கும், கடிக்கும், சண்ட போடும். முந்தி நான் வந்து போயிக்கிட்டிருந்தேன், பேசிக்கிட்டிருந்தேன். நானும் படுத்ததும் இதுக்கிட்ட மிச்சம் இருந்தது இதோட சிறகு மட்டுந்தான்."

அன்றோடு தீனிக் கிண்ணம் நிறுத்தப்பட்டது. சோளக் கதிரை உரிக்காமல் மடலோடு கூண்டின் கூரையில் கட்டினார். கடலையைப் பழந்துணியில் முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் முடிச்சாக வைத்தார். மூங்கில் கணுவில் ஓட்டை போட்டு அதற்குள் பட்டாணியைப் போட்டார். உருட்டினால்தான் வெளியே வரும். கொய்யாக் கிளையைப் பட்டையோடு கொண்டுவரச் சொல்வார். முதல் இரண்டு நாளும் கிளி மூங்கிலைப் பார்த்துப் பயந்து கூண்டின் மூலையில் ஒண்டியது. அம்மா, பட்டினி போட்டுக் கொல்லப் போகிறீர்கள் என்றாள். அப்பா மூங்கிலைக் கூண்டுக்கு வெளியே, கிளி பார்க்கும்படி, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தார். பிறகு உள்ளே வைத்தார். கிளி ஒரு காலால் அதைத் தட்டிப் பார்த்தது. ஒரு பட்டாணி விழுந்தது.

அடுத்த வீட்டுக்காரர் ஸ்டோருக்குப் போகும்போதெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்.

"என்னண்ணே, கிளிக்கும் வேலை குடுத்திட்டீங்களா? இன்னைக்கு அரைப் பேரா, முழுப் பேரா?"

கொழுந்து குறைந்தால் அரை நாள் சம்பளம் மட்டும் பதிவதைத்தான் தோட்டத்தில் அரைப் பேர் என்பது.

"நீ ஸ்டோர்ல வேலை செய்யிற வேகத்துக்கு இது பரவாயில்லடா. முழுப் பேரே போடலாம்" என்பார் அப்பா.

கைப்பழக்கமும் அப்போதுதான் தொடங்கியது. உடைத்த நிலக்கடலைத் துண்டு ஒன்றை விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு சின்னதாக ஒரு சீழ்க்கை அடிப்பார். கிளி ஓரடி நகர்ந்தால் கடலை. நகராவிட்டால் கையை எடுத்துவிடுவார், கெஞ்சமாட்டார், அதட்டமாட்டார். கிளி விரலில் ஏறியது. பிறகு கூண்டைவிட்டு வெளியே வந்து, மேசையில் கிடந்த நூல்கட்டையைத் தூக்கிச் சிகரெட் டின்னில் போட்டது. அது சலித்துத் தலையைத் திருப்பும்வரை அவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை. நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடுவார். நாளைக்கும் அதற்கு ஆசை இருக்கவேண்டும் என்பார்.

மார்பில் கறுத்த ஊசிகளைப் போலப் புதுக் குருத்துகள் முளைத்தன. அம்மா அவற்றைப் பார்த்தாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டாள். அவர் கன்னத்திலும் சதை பிடித்திருந்தது. ஆனால் அவளுக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது.

"ரொம்ப ஒட்டிக்காதீங்க. அது நம்மளுது இல்ல."

"ஆஸ்பத்திரியில என்னையும் அப்பிடி நெனச்சிட்டுத்தான் வந்தியா?"

"வாயக் கழுவுங்க" என்றாள் அம்மா.

வைகாசிப் பாதியில் மழை தொடங்கியது. மேற்கிலிருந்து காற்று ஸ்டோர்க் கூரையைத் தாண்டி நேராக எங்கள் ஜன்னலுக்கு வரும். கம்பிக் கூண்டில் கிளிக்குக் குளிர் தாங்காது. பொழுதுபோக்குக்கும் புதிதாக ஏதாவது வேண்டும். கொய்யாக் கிளை மழையில் கிடைப்பதில்லை. நான் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தேயிலைக் குச்சிகள் கொஞ்சம் கொண்டுவந்தேன். அப்பா அவற்றைக் கையில்கூட வாங்கவில்லை.

"கொப்புள நோய்க்கு மருந்தடிச்ச மலைடா அது. துரிசு. அதைக் கடிச்சா அப்பவே போயிரும். கொண்டுபோய் அடுப்புல போடு."

அவ்வளவு கவனமாக இருந்தவர்தான், ஸ்டோர் பரணில் வெகுகாலமாகக் கிடந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை ஆள் விட்டு எடுத்துவரச் சொன்னார். அதைப் பக்கவாட்டில் சாய்த்து, முன்பக்கம் கம்பி வலை அடித்து, உள்ளே ஒரு கொம்பு பூட்டினார். காற்று புகாது, பலகையைக் கடிக்கலாம். பெட்டியின் உட்புறத்தில், தூளில் ஈரம் ஏறாமல் இருக்க ஒட்டியிருந்த பளபளப்பான தகடு அப்படியே இருந்தது.

கிளி அந்தத் தகட்டைக் கண்டுகொண்டது. ஓரத்தைக் கிளப்பி நீளமாகக் கிழித்தது. மடித்தது, நசுக்கியது, காலில் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் கடித்தது. மூங்கிலும் முடிச்சும் கொடுக்காத சந்தோஷம் அதில் இருந்தது. மழை கொட்டும் நாட்களில்கூடச் சிறகைத் தொடவில்லை. மார்பு மூடிவிட்டது. ஒரு தகட்டுத் துண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அது பெட்டிக்குள் நடந்தபோது, மாதக்கணக்கில் சிரிக்காத அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கோயிலில் கொடி ஏறி, திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்கிய காலையில், அப்பா சீழ்க்கை அடித்தார். கிளி வரவில்லை.

கொம்பில் இருக்கவில்லை, பெட்டியின் தரையில் உட்கார்ந்திருந்தது. கழுத்துச் சுருங்கி, சிறகுகள் இரண்டும் தொங்கியிருந்தன. எச்சம் பச்சை மையைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது. தண்ணீரைக் குடித்து, குடித்ததைக் கக்கியது. அப்பா கையை உள்ளே விட்டார். ஏற முயன்று பக்கவாட்டில் விழுந்தது.

அம்மா கிளியைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு நெஞ்சு எப்பிடி இருக்கு?"

"எனக்கு என்ன? கிளியப் பாரு."

"நேத்து இருமினீங்க."

"மழை புள்ள. தோட்டமே இருமுது."

அவள் கேட்கவில்லை. கதவைச் சாத்தினாள். அவரைக் கட்டிலுக்குப் போகச் சொன்னாள். அவர் இருமாமல் இருக்கப் பாடுபடுவது எனக்குத் தெரிந்தது. தொண்டை வரை வந்ததை விழுங்கிக் கண்கள் கலங்க உட்கார்ந்திருந்தார். அவர் இருமினால் அவள் சுவரில் இருந்த அந்தோனியார் படத்தைப் பார்ப்பாள். கிளி விழுந்தால் அவரைப் பார்ப்பாள். குளிரா, தீனியா, கண்ணேறா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்பா கடலையை ஒவ்வொன்றாக உடைத்து மோந்து பார்த்தார். பூஞ்சணம் இல்லை.

மறுநாள் வேலைக்குப் புறப்படுமுன் பெட்டியைத் துப்புரவாக்கியது நான்தான். கிழிந்த தகட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வெளியே போட்டேன். விரல்களில் சாம்பல் நிறமாக ஏதோ ஒட்டியது. துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அச்சகத்தின் பின்புறக் குழாயடியில் மத்தியானம் கைகழுவும்போது முதலாளி வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்தைத் தொட்ட கையோடு யாரும் பணிஸ் ரொட்டியைத் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம். எழுத்துகள் காரீயத்தில் வார்த்தவை. "முந்தி இங்க அச்சுக் கோர்த்த ஒருத்தருக்கு வயித்து வலின்னு ஆரம்பிச்சு, கடைசியில ரெண்டு கையும் மணிக்கட்டோட தொங்கிப்போச்சு. சோப்பப் போட்டுக் கழுவுங்க" என்பார். தினமும் கேட்பதால் யாரும் அதைக் கேட்பதில்லை. அன்று நானும் எழுத்தைத் தொட்டிருந்தேன்; என் கையிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்தேன். காலையில் வீட்டில் துடைத்த அதே சாம்பல் நிறம்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

தகடு காரீயமாக இருக்குமோ என்று அப்பாவிடம் கேட்டேன். கிழிந்த தகடு ஒன்றை எடுத்துச் சுண்ணாம்புச் சுவரில் இழுத்தார். பென்சில் கோடு போல விழுந்தது. ஸ்டோரில் இப்போது பாவிக்கும் தகட்டில் ஒரு துண்டு வீட்டில் இருந்தது, அதையும் இழுத்தார். கோடு விழவில்லை.

"இப்ப வர்றது அலுமினியம். இது யுத்தத்துக்கு முந்தின பெட்டி" என்றார். தகட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "தேயிலையச் சுத்தி வைக்கிற தகடுதானேன்னு நெனச்சேன். ஊரு உலகமெல்லாம் குடிக்கிற தேயிலை. அதுல விஷம் இருக்கும்னு எவன் நெனப்பான்?" என்றார்.

அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள். கொல்லையில் கோடரி விழும் சத்தம் கேட்டது.

தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த டிஸ்பென்சரை எல்லோரும் டாக்டர் ஐயா என்போம். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தோட்டத்துல பாதிப் பேருக்குக் காய்ச்சல். நான் கிளிக்கு மருந்து குடுத்தேன்னு தெரிஞ்சா துரை என்னைக் கூட்டுல போட்டுருவாரு தம்பி."

ஆனாலும் எழுந்துபோய்ப் பேதி உப்பைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காரீயத்துக்கு மனிதர்களுக்குக் கொடுப்பது அதுதான் என்றும், பறவைக்கு எவ்வளவு என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார்.

அப்பா அதை நிறைய நீரில் கரைத்தார். கரண்டி முனையில் ஒரு சொட்டு. சீழ்க்கை அடித்தார். கிளி கண்ணைத் திறந்தது, எழ முடியவில்லை. ஆனால் அலகைக் கரண்டியின் பக்கம் திருப்பி வாயைத் திறந்தது. கைப்பழக்கம் இல்லாத பறவையாக இருந்திருந்தால் துணியில் சுற்றி வாயை நெரித்துத்தான் ஊற்றியிருக்க வேண்டும். அந்தப் போராட்டமே அதைக் கொன்றிருக்கும். இரண்டாம் நாள் அப்பா களைத்துப்போனபோது, அம்மா துவாலையை எடுத்துக் கிளியை மடியில் வாங்கிக்கொண்டாள். அதற்குமுன் அவள் அதைத் தொட்டதே இல்லை.

"இதுக்கு நெஞ்சு என்னமா அடிக்குது" என்றாள்.

அது பிழைத்தது. கக்குவது நின்றது, ஊறிய கடலையைத் தின்றது, சிறகை எடுத்து நீவிக்கொண்டது. வெயில் விழுந்த ஒரு மத்தியானம் அதன் பச்சை நிறம் கழுவிவிட்டது போல மின்னியது. மார்பில் ஒரு தூவி குறைவில்லை. ஆனால் இடது காலின் விரல்கள் உள்ளுக்குள் சுருண்டபடியே நின்றுவிட்டன. கொம்பைப் பிடிக்காது. பலகையில் உட்கார்ந்திருந்தால் எவருக்கும் தெரியாது. ஏறவிட்டால் தெரியும். அப்பா அந்தக் காலைப் பிடித்து ஒவ்வொரு விரலாக நீட்டிவிடுவார், விட்டதும் மடங்கிக்கொள்ளும்.

திருநாளுக்கு முந்தின நாள் காணிக்கைகளைப் பார்க்க உபதேசியார் வந்தார். கிளி பலகையில் இருந்தது.

"அடேயப்பா! மாப்பிள்ளை மாதிரியில்ல இருக்காரு! அண்ணே, இதுக்குக் கொட்டகலைக் கடைத்தெருவே ஏலத்துக்கு நிக்கும்."

அவர் வாசலைத் தாண்டிப் போனார். பிறகு அப்பா மெல்லச் சொன்னார்:

"அவரு பாத்தாரு, சரின்னாரு. விட்டுரு."

"நான் அவருக்கா நேர்ந்தேன்?"

"சொன்னா வேணாம்பாங்க. வேணாம்னா உன் பொருத்தனை என்ன ஆகும்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்" என்றாள் அம்மா.

அவளுக்கு இரண்டு வழியும் அடைபட்டிருந்தது. குறையைச் சொன்னால் காணிக்கை நிராகரிக்கப்படலாம். சொன்ன சொல் தவறியதாகும். மறைத்துக் கொடுத்தால் ஏமாற்றிக் கொடுத்ததாகும். இரண்டிலும் பலன் யார்மேல் விழும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அந்த மனிதர் கட்டிலில் உட்கார்ந்து, மறுநாள் போட வேண்டிய கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

திருநாளன்று பெரிய மழை இல்லை. தூறலும் மூட்டமுமாக இருந்தது. பூசை முடிந்து சாமியார் காணிக்கைகளின்மேல் தீர்த்தம் தெளித்தார். பிறகு கோயில் முற்றத்தில் ஏலம். பூசணி போயிற்று, சேவல்கள் போயின, ஒரு கடா நல்ல விலைக்குப் போயிற்று. உபதேசியார் கூண்டைத் தலைக்குமேல் தூக்கினார். கூண்டுக்குள் அப்பா போட்டிருந்த பலகையில் கிளி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கங்காணியும் கொட்டகலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு முதலாளியும் மாறிமாறிக் கேட்டார்கள். கடைக்காரர் சைவர், ஆனாலும் திருநாள் ஏலத்துக்கு ஆண்டு தவறாமல் வருபவர். விலை ஏறிக்கொண்டே போயிற்று. உபதேசியாரின் குரலும் ஏறியது.

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மா முன்னால் வந்தாள்.

"உபதேசியாரே, நிப்பாட்டுங்க."

அவர் கூண்டைத் தூக்கியபடியே திரும்பினார்.

"இதோட இடது காலு பிடிக்காது. எங்க வீட்டுல வச்சுத்தான் அப்பிடி ஆச்சு. தெரிஞ்சுக்கிட்டுக் கேக்கிறவங்க கேக்கட்டும்."

பின்னால் யாரோ, "அன்னைக்கு ஒத்தக்கண்ணு ஆடு, இன்னைக்கு ஒத்தக்கால் கிளியா?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. உபதேசியார் வாசற்படியில் நின்ற சாமியாரைப் பார்த்தார்.

"தீர்த்தம் தெளிச்சாச்சு. ஏலத்தை நடத்துங்க" என்றார் சாமியார்.

கங்காணி குடையை விரித்துக்கொண்டு ஒதுங்கினார். உபதேசியார் ஒருதரம் கூறினார். பதில் இல்லை. இன்னொருதரம் கூறினார். கேட்க ஆளில்லாத காணிக்கை எப்படிப்பட்ட காணிக்கை என்று அம்மாவின் முகம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போது அப்பாவின் கை மேலே போகத் தொடங்கியது.

"கையக் கீழ போடுங்க!"

அம்மாவின் அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. யாருக்காக நேர்ந்ததோ அவரே ஏலத்தில் எடுப்பது, கொடுத்ததைப் புனிதரின் கையிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். அப்பாவுக்கும் அது தெரியும். கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பேசுமா?" என்று கடைக்காரர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"பேசாது முதலாளி. கூப்பிட்டா வரும்."

"கூப்பிடுங்க, பாப்போம்."

உபதேசியார் கூண்டைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்தார். அப்பா குனிந்து சீழ்க்கை அடித்தார். கிளி பார்த்தது. சுற்றிலும் கால்கள், குடைகள், தூறல். அது பலகையோடு ஒட்டிக்கொண்டது. அப்பா இரண்டாம் முறை சீழ்க்கை அடிக்கவில்லை. கதவைச் சாத்தினார்.

"இப்ப வராதுங்க. பயந்திருக்கு. பயந்திருக்கையில வற்புறுத்தக் கூடாது."

கடைக்காரர் இடுப்பில் கை வைத்தார்.

"என்ன குடும்பமய்யா இது? சம்சாரம் காலு இல்லேங்கிறாங்க, நீங்க வராதுங்கிறீங்க. விக்க வந்தீங்களா, திருப்பிக் கொண்டுபோக வந்தீங்களா?"

சிரிப்பு எழுந்தது. இந்தமுறை அதில் கேலி குறைவாக இருந்தது. கடைக்காரர் முன்பு கேட்டதைவிடக் குறைத்து ஒரு விலை சொன்னார். "ரெண்டு காலையும் வச்சுக்கிட்டு என் கடையில நிக்கிறவனுங்க என்னத்தச் சாதிச்சுட்டானுங்க?" என்று சேர்த்துக்கொண்டார். உபதேசியார் வேறு யாருக்கும் இடம் கொடுக்காமல் அவசரமாக மணியை அடித்தார்.

பஸ் வரும் ரோட்டுக்குக் கூண்டோடு கடைக்காரர் நடக்க, அப்பா கூடவே நடந்தார். கிண்ணத்தில் தீனி வைக்கக் கூடாது; சோளத்தை உரித்துக் கொடுக்கக் கூடாது; கொம்பு வேண்டாம், பலகை போதும்; பளபளப்பான எதையும் கிட்டே விடக் கூடாது. கடைக்காரர் பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே தலையாட்டினார். பின்னால் வந்த அம்மா குறுக்கே பேசினாள்.

"முதலாளி, மத்தியானத்துல மட்டும் சும்மா விட்டுறாதீங்க. காலையில தீனி, சாயங்காலம் ஆளு. மத்தியானந்தான் அதுக்குக் கஷ்டம். துணியில நாலு முடிச்சுப் போட்டு உள்ள கடலைய வச்சீங்கன்னா அது பாட்டுக்கு அவுத்துக்கிட்டிருக்கும். முடிச்ச இறுக்கிப் போடாதீங்க, ஒரு காலால அவுக்கணும்."

அப்பா அவளைப் பார்த்தார். பஸ் வந்தது.

திங்கட்கிழமை காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்ததும் அப்பா ஸ்டோருக்கு வேலைக்குப் போனார். அம்மா தடுக்கவில்லை, நிம்மதியாகவும் இல்லை. காணிக்கை ஏற்கப்பட்டதா இல்லையா என்று சாமியாரிடம் அவள் ஒருபோதும் கேட்கவில்லை. கொடுத்ததைத் தேடிப் போகக் கூடாது என்று, கொட்டகலைக் கடைத்தெருவுக்குப் போகும்போது அந்தப் பலசரக்குக் கடை இருந்த பக்கத்தைத் தவிர்த்து, எதிர்ப்பக்கத்துக் கடையில் உப்பும் மிளகாயும் வாங்கினாள். அப்பா மட்டும் ரோட்டைக் கடந்து அந்தக் கடைக்குள் போய்வருவார். கிளி இருக்கிறதா, எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கமாட்டாள். அவரும் சொல்லமாட்டார். அவர் வெளியே வரும்போது அவர் முகத்தை ஒருதரம் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பாள்.